செபமாலை அணிந்த பிச்சைக்காரர்: புனித யோசேப் வாஸ் அடிகளார்

செபமாலை என்றவுடன் நம் பங்கு மக்களின் நினைவுக்கு வருகிறவர்கள் சிலர் உண்டு. புனித சாமிநாதர், லூர்து கெபியின் முன் முழந்தாளிட்ட பெர்நதெத், பாத்திமாவில் ஆடு மேய்த்த மூன்று குழந்தைகள், 1571ஆம் ஆண்டு லெப்பாந்து கடற்போரின்போது செபமாலையின் துணையை நம்பியிருந்த பாப்பரசர் புனித ஐந்தாம் பத்திநாதர். இவர்களுடைய சரித்திரங்களை அக்டோபர் மாதப் பிரசங்கங்களில் கேட்டுக் கேட்டு நம்மவர்களுக்கு ஏறக்குறைய மனப்பாடமே ஆகியிருக்கும். இவர்கள் அனைவரும் ஐரோப்பியர். நம் நாட்டில் பிறந்து, நம் தூத்துக்குடியில் கப்பலேறி, தமிழ் பேசும் மக்கள் நடுவில் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிச்சைக்காரராய் நடந்த ஒரு குருவானவரைப் பற்றி மட்டும் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. யூபிலி மலருக்குச் செபமாலையைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, அவருடைய வரலாற்றையே எழுதிவிடுவது என்று தீர்மானித்தோம்.

யோசேப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் கோவா நாட்டில் பெனாலிம் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கிறிஸ்டோவாவோ வாஸ், தாயார் மரிய தெ மிராந்தா. கொங்கணி பேசும் பிராமண குலத்திலிருந்து மனந்திரும்பிய குடும்பம். தந்தையாரின் சொந்த ஊர் சாங்கோலே. சிறுவன் யோசேப் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் செபமாலை சொல்லிக்கொண்டே நடப்பான் என்று அவருடைய வரலாற்றில் சொல்லப்படுகிறது. புனிதர்களின் குழந்தைப் பருவத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் சற்றுத் தாராளமாகவே எழுதுவார்கள் என்பதை நாமும் அறிவோம். ஆனால் பிற்காலத்தில் நடந்ததைப் பார்க்கும்போது இந்தச் செய்தியை நம்புவதில் நமக்குச் சிரமம் எதுவும் இல்லை. கோவா நகரில் சேசு சபையாரிடமும், செபமாலைப் பக்திக்குப் பேர்போன சாமிநாதர் சபையாரிடமும் கல்வி பயின்று, 1676ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றார்.

மறு ஆண்டு அவர் ஒரு காரியம் செய்தார். 1677 ஆகஸ்டு 5ஆம் நாள், தம்மைத் தேவதாயாருக்கு என்றென்றைக்கும் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சீட்டு எழுதிக் கையொப்பமிட்டார். காணி விற்கிறவன் கிரயப் பத்திரம் எழுதுவதுபோல் எழுதிய அடிமைச் சீட்டு அது. அந்தக் காலத்துக் கோவாவில் அடிமை என்பது வெறும் உவமை அல்ல. ஆளை விலைக்கு வாங்கி வேலை வாங்கும் வழக்கம் கண்முன்னே நடந்த ஊர் அது. அடிமைக்குச் சொந்தமாக வழியில்லை, விருப்பமில்லை, எஜமான் அனுப்புகிற இடத்துக்குப் போக வேண்டும் என்பது என்னவென்று தெரிந்தே அவர் எழுதினார். மரியாயின் அடிமைத்தனம் என்னும் பக்தியைப் பிற்காலத்தில் உலகமெங்கும் பரப்பிய புனித லூயி மோன்போர் அப்போது நான்கு வயதுக் குழந்தை. ஆகஸ்டு 5 பனிமய மாதாவின் திருநாள் என்பதை நம் கடற்கரைக்காரர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பத்து ஆண்டுகள் கழித்து அவர் கப்பலேறப் போகும் தூத்துக்குடி, 1555இலிருந்தே பனிமய அன்னையின் சுரூபத்தைத் தன் தாயாகக் கொண்டாடி வந்த ஊர்.

நிற்க. அக்காலத் திருச்சபை நிலைமையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. கோவாவில் இருந்த துறவற சபைகள் பெரும்பாலும் ஐரோப்பியருக்கே உரியனவாக இருந்தன. நம் நாட்டவர் குருவாகலாம், ஆனால் சபைத் துறவியாவது அரிது. இந்தக் குறை நம் திருச்சபையின் வரலாற்றில் மறைக்க வேண்டிய ஒன்றல்ல. கோவாக் குருக்கள் சிலர் தாங்களாகவே கூடி, ரோமையில் புனித பிலிப்பு நேரி தொடங்கிய முறையைப் பின்பற்றி ஒரு சிறு குழுவாக வாழத் தலைப்பட்டார்கள். யோசேப் வாஸ் 1685 செப்டம்பரில் அவர்களோடு சேர்ந்தார், விரைவிலேயே அவர்களுக்குத் தலைவருமானார். அதற்கு முன் 1681 முதல் 1684 வரை கன்னட நாட்டுக் கடற்கரையில், மங்களூர், பஸ்ரூர், கங்கொள்ளிப் பகுதிகளில் அவர் வேலை செய்திருந்தார். அங்கே போர்த்துக்கல் அரசரின் உரிமையால் வந்த அதிகாரத்துக்கும் ரோமையிலிருந்து நேராக நியமிக்கப்பட்ட ஆயருக்கும் இடையே பெரிய வழக்கு. யாருடைய கையால் தேவதிரவிய அனுமானம் பெறுவது செல்லும் என்று மக்கள் குழம்பி நின்றார்கள். அடிகளார் இருதரப்புக்கும் மரியாதை குறையாமல், மக்களின் ஆன்மாக்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்ற ஒன்றையே பார்த்துக்கொண்டார்.

இனி இலங்கைக்கு வருவோம்.

இலங்கையின் கரையோரங்கள் ஒன்றரை நூற்றாண்டு போர்த்துக்கீசர் வசம் இருந்தன. சேசு சபையாரும் பிரான்சிஸ்கு சபையாரும் அங்கே வேதம் போதித்தார்கள். மன்னாரில் 1544இலேயே அறுநூறு பேருக்குக் குறையாமல் விசுவாசத்துக்காக உயிர் கொடுத்திருந்தார்கள். பிறகு ஒல்லாந்தர் வந்தார்கள். 1656இல் கொழும்பு விழுந்தது, 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் விழுந்தன. அதே ஆண்டில் நம் தூத்துக்குடியும் அவர்கள் கைக்குப் போயிற்று. ஒல்லாந்தர் கால்வினிய சபையைச் சேர்ந்தவர்கள். குருக்களை நாடு கடத்தினார்கள். கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கோவில்கள் அவர்களுடைய பிரசங்கசாலைகளாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. குழந்தை பிறந்தால் அவர்களுடைய சபையில் பதிய வேண்டும், கலியாணம் என்றால் அங்கே பதிய வேண்டும். இல்லாவிட்டால் வாரிசுரிமைக்கே மோசம் வரும். இதை வேதப் பகை என்று மட்டும் சொல்லிவிட நமக்கு மனம் வரவில்லை. கத்தோலிக்கன் என்றால் போர்த்துக்கீசனின் கையாள் என்ற சந்தேகமும், கறுவாய் வியாபாரம் கைநழுவிப் போகுமோ என்ற பயமும் அதில் பாதிக்கு மேல். இன்று பிரிந்த சகோதரர்களோடு நாம் ஒரே மேடையில் அமர்ந்து செபிக்கிறோம். ஆண்டவருக்கு நன்றி. அன்று நிலைமை அப்படி இருந்தது.

இப்படி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் போயின. முப்பது ஆண்டுகள் என்றால் என்ன என்று சற்று எண்ணிப் பாருங்கள். கடைசிக் குருவானவர் போனபோது ஞானஸ்நானம் பெற்ற குழந்தை, பூசை என்றால் என்னவென்று ஒருமுறைகூடக் காணாமல் வளர்ந்து, மணம் முடித்து, தன் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும் காலம். நற்கருணை இல்லை. பாவசங்கீர்த்தனம் இல்லை. அவஸ்தைப் பூசுதல் இல்லாமலே பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள். ஞானஸ்நானம் மட்டும் அவசரத்தில் யாரும் கொடுக்கலாம். மற்றவற்றுக்கெல்லாம் குருவின் கை வேண்டும்.

அப்படியானால் அந்த மக்களிடம் மிஞ்சியது என்ன? இங்கேதான் செபமாலையின் வல்லமை விளங்குகிறது. செபமாலைக்குக் குரு வேண்டாம், பீடம் வேண்டாம், கோவில் வேண்டாம், எழுத்தறிவும் வேண்டாம். புத்தகம் வைத்திருந்தால் கண்டுபிடிப்பார்கள், பறிப்பார்கள். மணிமாலையை மடியில் முடிந்துகொள்ளலாம், பானைக்குள் போடலாம். அதையும் பறித்துவிட்டால் பத்து விரல் இருக்கிறது. அந்தப் பத்து விரலில் அருள்நிறை மந்திரத்தை எண்ணிவிடலாம். சந்தோஷ, துக்க, மகிமைத் தேவ இரகசியங்கள் பதினைந்தையும் தெரிந்த பாட்டி ஒருத்தி வீட்டில் இருந்தால், சம்மனசு மங்களம் சொன்னதிலிருந்து தேவதாய் பரலோகத்தில் முடிசூடியது வரை சுவிசேஷத்தின் சுருக்கம் முழுவதும் அந்த வீட்டில் இருக்கிறது. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 2002இல் சேர்த்த ஒளியின் தேவ இரகசியங்கள் அன்று இல்லை என்பது உண்மையே. ஆயினும் மனுஷாவதாரம், பாடுகள், உயிர்ப்பு, தூய ஆவியின் வருகை என்று நம் விசுவாசத்தின் தூண்கள் எல்லாம் அந்தப் பதினைந்தில் அடங்கியிருந்தன. பரலோக மந்திரத்தில் ஆண்டவர் கற்பித்த செபம். திரித்துவப் புகழில் கடவுள் ஒருவரே, ஆட்கள் மூவர் என்னும் சத்தியம். ஒரு ஞானோபதேசப் பள்ளிக்கூடமே ஒரு முழ நீள மாலையில் அடங்கிவிடுகிறது. நாம் குருமடத்தில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் தடித்த புத்தகங்களில் படித்ததை, ஐம்பத்து மூன்று மணிச் செபம் சொல்லும் பாட்டிகள் தங்கள் பாணியில் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது பங்கில் வேலை செய்யத் தொடங்கிய பிறகு நமக்குப் புரிந்த விஷயம்.

இந்தக் காலத்தில் நம் வீடுகளில் மாலை ஏழு மணி யாருக்குச் சொந்தம் என்று நாம் கேட்கப் போவதில்லை. வீடு சந்திக்க வரும்போது தொலைக்காட்சியை அவசரமாக அணைக்கும் சத்தத்திலேயே பதில் கிடைத்துவிடுகிறது.

இலங்கை மக்களின் இந்த நிலைமை கோவாவில் யோசேப் வாஸ் அடிகளாரின் செவிக்கு எட்டியது. நெடுநாளாக அவர் மனம் அங்கேயே இருந்தது. ஐரோப்பியக் குரு ஒருவர் அங்கே போனால் கரையில் கால் வைத்த அன்றே அவருடைய நிறம் அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். நம் நாட்டுக் குரு என்றால் கூட்டத்தில் கலந்துவிடலாம். துறவற சபைகளின் கதவை எந்த நிறம் அடைத்ததோ, அந்த நிறமே இப்போது அனுமதிச் சீட்டாயிற்று! ஆண்டவர் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தீர்களா?

தலைமைப் பொறுப்பை வேறொருவரிடம் விட்டுவிட்டு, 1686இல் அடிகளார் கோவாவிலிருந்து புறப்பட்டார். யோவான் என்னும் ஊழியன் கடைசிவரை கூட இருந்தான். இந்த யோவானைப் பற்றிச் சரித்திர நூல்கள் அதிகம் எழுதவில்லை. பெரிய மனிதர்களுக்குச் சோறு பொங்கி, மூட்டை சுமந்து, சிறையிலும் கூட இருந்தவர்களைப் பற்றி யார்தான் எழுதுகிறார்கள்? மேற்குக் கரை வழியாகத் தெற்கே வந்து, பெரும்பகுதி நடந்தே தூத்துக்குடியை அடைந்தார்கள். அங்கே அடிகளார் குருவுக்குரிய அங்கியைக் களைந்து, கூலியாளைப்போல் அரையில் துணி மட்டும் கட்டிக்கொண்டு, 1687இல் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலேறினார். பிராமண குலத்தில் பிறந்து, தத்துவமும் வேதசாஸ்திரமும் படித்து, ஒரு சபையின் தலைவராயிருந்தவர். சாதிப் பெருமை பேசுகிறவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்களே, அவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிப்பது நல்லது.

கடல் கொந்தளித்தது. குடிதண்ணீரும் உணவும் சரியில்லை. யாழ்ப்பாணத்தில் இறங்கும்போது வயிற்றுக்கடுப்பு அவரை எலும்பும் தோலுமாக்கியிருந்தது. தெருவோரத்தில் கிடந்த இந்த நோயாளிப் பரதேசியால் தொற்று வந்துவிடும் என்று அஞ்சி அவரை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். யோவானும் படுத்துவிட்டான். யாரோ ஒரு பெண்மணி இரக்கப்பட்டுக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அவள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அந்த நாட்டுக்கு வந்த முதல் குருவை ஒரு சட்டிக் கஞ்சி காப்பாற்றியது.

எழுந்து நடக்க முடிந்ததும் ஒரு பெரிய பிரச்சினை எதிரில் நின்றது. கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிப்பார்வைக்கு எல்லாரும் ஒல்லாந்தரின் பிரசங்கசாலைக்குப் போகிறவர்கள், அல்லது சைவர்கள். வாய்விட்டு விசாரித்தால், கேட்கப்படுகிறவன் ஒற்றனாக இருந்தால் தலை போகும். மறுபக்கத்தில் மக்களுக்கும் இதே பயம். குரு வந்திருக்கிறார் என்று யாராவது ஆசை காட்டினால் அது ஒல்லாந்தர் வைத்த கண்ணியாக இருக்கலாம். இருபுறமும் வாய் பூட்டப்பட்டிருந்தது. பேசாமல் பேசக்கூடிய ஒன்று வேண்டும்.

அடிகளார் தம்முடைய செபமாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அது வெளியே நன்றாகத் தெரியும்படி, வீடு வீடாகப் பிச்சைக்குப் போனார்.

இந்தச் செயலில் உள்ள துணிவையும் யுக்தியையும் நாம் கவனிக்க வேண்டும். உருத்திராட்சம் போட்ட பண்டாரங்கள் தெருவில் நடமாடும் நாட்டில், கழுத்தில் மணிமாலையோடு வரும் பரதேசியை வழிப்போக்கன் ஏறிட்டுப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அந்த மாலையின் நுனியில் பாடுபட்ட சுரூபம் தொங்குகிறது. அதை அறிந்தவன் கண் மட்டும் அதில் போய் நிற்கும். கால்வினிய சபையார் மரியாயைக் கூவி மன்றாடும் செபத்தை ஏற்பதில்லை, ஆகவே அவர்களோடு உண்மையாகவே சேர்ந்துவிட்டவன் அதைக் கண்டு முகம் சுளிப்பான். சைவனுக்கு அது ஏதோ ஒரு மாலை. மடியில் ஒரு செபமாலையை முப்பது ஆண்டுகளாக ஒளித்து வைத்திருப்பவனுக்கு மட்டும் அது என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். தன் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு முணுமுணுத்துச் சொல்லுகிற செபம், பட்டப்பகலில் ஒரு பிச்சைக்காரனின் மார்பில் தொங்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிறது!

ஆபத்து அடிகளாருக்குத்தான் அதிகம். மக்கள் தங்கள் மாலையை மறைத்து வைத்திருந்தார்கள், அவர் வெளியே போட்டுக்கொண்டார். பிடிபட வேண்டியவர் அவரே. மேய்ப்பன் என்ற சொல்லுக்கு இதற்கு மேல் விளக்கம் நமக்குத் தேவையில்லை.

உடனே பலன் கிடைத்துவிடவில்லை. பிச்சை போட்டவர்கள் போட்டார்கள், விரட்டினவர்கள் விரட்டினார்கள். அவர் ஒவ்வொரு வாசலிலும் முகங்களைப் படித்தார். கடைசியில் ஒரு வீட்டாரிடத்தில் அவருக்குக் கிடைத்த வரவேற்பு வேறுவிதமாக இருந்தது. அவர்கள் கண் மாலையில் பதிந்த விதத்தில் பக்தி தெரிந்தது. மெல்லப் பேச்சுக் கொடுத்தார். அவர்கள் கத்தோலிக்கர்கள் என்பது நிச்சயமானது. ஒரு குரு வந்தால் ஏற்றுக்கொள்வார்களா என்று விசாரித்து, பிறகு தாமே அந்தக் குரு என்று வெளிப்படுத்தினார். அவர்கள் முதலில் என்ன நினைத்திருப்பார்கள், அழுதார்களா, நம்பாமல் திகைத்தார்களா என்பதை நாம் கற்பனை செய்து எழுதப் போவதில்லை. பிச்சைக்காரரின் மூட்டையிலிருந்து பூசைப் பாத்திரங்கள் வெளியே வந்தன. அந்த ஊரில் மறுபடி பூசை நடந்தது.

செய்தி ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குச் சத்தமில்லாமல் பரவியது. யாழ்ப்பாண நகரத்தில் தங்குவது ஆபத்து என்பதால், கத்தோலிக்கர் நிறைந்த சில்லாலை என்னும் கிராமத்தை அவர் இருப்பிடமாக்கிக்கொண்டார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அங்கிருந்தே சுற்றுப்புற ஊர்களைக் கவனித்தார். பகலில் மறைவு, இரவில் வேலை. இருட்டிய பிறகு பாவசங்கீர்த்தனம் கேட்டு, பூசை செய்து, விடிவதற்குள் அடுத்த ஊர். தமிழைக் கற்று, செபங்களையும் ஞானோபதேசத்தையும் மக்களின் பாஷையிலேயே சொல்லிக் கொடுத்தார். சில்லாலைக்காரர்கள் இன்றும் இதைப் பெருமையோடு சொல்லிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

செபமாலை சொல்லுகிறவனுக்குக் கஷ்டமே வராது என்று நாம் ஒருநாளும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் துக்கத் தேவ இரகசியங்கள் ஐந்தையும் மறந்துவிட்டார்கள் என்றே அர்த்தம். 1690இல் அடிகளார் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்குவதற்கு முன் ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், பூசைக்காக மக்கள் கூடியிருந்த வீடுகளில் ஒல்லாந்தரின் சேவகர்கள் புகுந்தார்கள். முந்நூறு பேர் வரை பிடிபட்டார்கள். சுரூபங்களும் படங்களும் உடைத்தெறியப்பட்டன. அடிகளார் மட்டும் அகப்படவில்லை. முக்கியஸ்தர்களாகிய எட்டுப் பேரைச் சிறையிலிட்டு அடித்தார்கள். ஒருவர் அடிபட்டே இறந்தார். மற்றவர்கள் கோட்டையில் கடினவேலைக்கு அனுப்பப்பட்டார்கள். மறுதலித்தால் விட்டுவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தும் மறுதலிக்கவில்லை. குருவைக் காட்டிக் கொடுக்கவும் இல்லை. முப்பது ஆண்டுகள் பூசை காணாத ஒரு தலைமுறை, இரண்டே ஆண்டுகள் குருவைக் கண்ட பிறகு இவ்வளவு உறுதியாக நின்றதென்றால், அந்த உறுதி இரண்டு ஆண்டுகளில் வந்ததாக நமக்குத் தோன்றவில்லை. அதற்கு முன்பே வீடுகளுக்குள் மணி மணியாகச் சேர்ந்திருந்த உறுதி அது.

பின் நடந்தவற்றை விரித்து எழுதினால் இந்த மலரே போதாது. சுருக்கமாகச் சொல்லுவோம். புத்தளம் அப்போது கண்டி அரசரின் ஆட்சியில் இருந்தது. ஒல்லாந்தரின் கை அங்கே எட்டாது. அங்கே சிறிது காலம் தொண்டாற்றிவிட்டு, 1692இல் அடிகளார் கண்டிக்குப் போனார். அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த கால்வினியப் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இவரைப் போர்த்துக்கீச ஒற்றர் என்று சொல்லி வைத்ததால், போனவுடன் சிறைவாசம். சிறையிலேயே சிங்களம் கற்றார். சற்றுத் தளர்வு கிடைத்ததும் சிறை வளவுக்குள் ஓலைக் கொட்டகை போட்டு, அதைத் தேவதாயாருக்கு அர்ப்பணித்துப் பூசை செய்யத் தொடங்கினார். கண்டியில் இருந்த கத்தோலிக்கர் அங்கே வரலானார்கள். ஒற்றரென்று பிடிக்கப்பட்டவர் சிறைக்குள்ளேயே ஒரு பங்கு நடத்தினார்.

1696இல் நாட்டில் மழை பொய்த்தது. அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் பௌத்த பிக்குகளை வேண்டச் சொன்னார், பிறகு கிறிஸ்தவக் குருவையும் கேட்டார். அடிகளார் வெளியில் ஒரு பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி, முழந்தாளிட்டு மன்றாடினார். மழை கொட்டியது என்றும், பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்றும் அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் கூறுகிறார்கள். அரசர் அவருக்குத் தடையின்றிப் போதிக்கும் உரிமை கொடுத்தார். மழை அற்புதத்தைப் படங்களில் வரைகிறார்கள், நாடகங்களில் நடிக்கிறார்கள். நம்மைக் கேட்டால், மறு ஆண்டு நடந்ததைத்தான் முதலில் வரைய வேண்டும் என்போம். 1697இல் கண்டியில் பெரியம்மை வந்தது. அரசர் உள்படப் பலர் நகரத்தை விட்டு அகன்றார்கள். சொந்த வீட்டாரே நோயாளிகளைக் காட்டோரத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அடிகளாரும், கோவாவிலிருந்து துணைக்கு வந்திருந்த அவருடைய உறவினர் யோசேப் கர்வாலோ என்னும் குருவும் போகவில்லை. கைவிடப்பட்டவர்களுக்குக் குடில் கட்டி, உணவு ஊட்டி, புண்ணைக் கழுவி, இறந்தவர்களைத் தங்கள் கையாலேயே அடக்கம் செய்தார்கள். சாதி சமயம் பார்க்கவில்லை. ஊருக்கு வெளியே கஞ்சி வாங்கிக் குடித்தவருக்கு ஊருக்கு வெளியே கிடப்பது என்னவென்று தெரியும்.

கோவாவிலிருந்து அவருடைய சபைக் குருக்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து சேர்ந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் எழுதி, குருவில்லாத ஊர்களிலும் மக்கள் தாமே கூடி வாசிக்கவும் செபிக்கவும் வழி செய்தார். யோசேப் வாஸ் அடிகளார் தாம் போன இடமெல்லாம் உபதேசியார்களையும் மூப்பர்களையும் ஏற்படுத்தினார். குரு வருவது ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோதான். மற்ற நாட்களில் ஊர் மக்களைக் கூட்டிச் செபம் சொல்லிவைப்பது அவர்கள் பொறுப்பு. தாம் வரும்போது மக்கள் எதைக் கொண்டு பிழைத்திருந்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர் அவர். ஆகவே குருவையே நம்பியிருக்கும் திருச்சபையை அவர் கட்டவில்லை. நம் பங்கில் அன்பியங்களில் செபமாலையை நடத்திவைக்கும் தாய்மார்கள், தாங்கள் செய்வது ஏதோ சின்ன வேலை என்று எண்ணிக்கொண்டிருந்தால், இந்தப் பகுதியை மறுபடி ஒருமுறை வாசிக்கட்டும்.

ஆயர் பதவி அவரைத் தேடி வந்தபோது மறுத்துவிட்டார். வெறுங்காலோடு காடு மலை நடந்து உடம்பு முன்பே உடைந்துபோயிருந்தது. ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பிப் போகாமல், 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர் நீத்தார். அறுபது வயது நிறைய மூன்று மாதம் இருந்தது. அவர் வரும்போது ஒரு குருகூட இல்லாத தீவில், அவர் கண்ணை மூடும்போது ஏறக்குறைய எழுபதாயிரம் கத்தோலிக்கரும் நூற்றுக்கணக்கான சிற்றாலயங்களும் இருந்தன. ஒல்லாந்தரின் சட்டங்கள் அதன் பின்னும் நெடுநாள் நீடித்தன. ஆங்கிலேயர் வந்து, 1806இல் கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்களை நீக்கும்வரை கோவாக் குருக்களே அந்த மந்தையைக் காத்தார்கள்.

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1995 ஜனவரி 21ஆம் நாள் கொழும்பில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் நாள் அதே கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக உயர்த்திவிட்டு, அன்றே மடு மாதா கோவிலுக்குப் போனார். மடு அன்னையின் சுரூபம், ஒல்லாந்தருக்கு அஞ்சி 1670இல் மாந்தையிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்கள் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடிய சுரூபம். போர்க்காலத்தில் அந்தக் காட்டுக் கோவிலில் தஞ்சம் புகுந்த தமிழ் மக்கள் இராப்பகலாகச் செபமாலை சொன்னதை நம் பங்கில் வந்து குடியேறியவர்களே நமக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அவருடைய திருநாள் ஜனவரி 16. பொங்கல் விடுமுறையில் அகப்பட்டுக்கொள்வதால் நம் பக்கத்தில் அது கவனிப்பாரற்றுப் போய்விடுகிறது. இந்த யூபிலி ஆண்டிலிருந்து அன்று மாலைப் பூசைக்கு முன் 153 மணிச் செபம் நம் கோவிலில் நடைபெறும். அவருடைய கல்லறைக்கு யாத்திரை போகலாமா என்று மலர்க் குழுவில் ஒருவர் கேட்டார். போவதற்குக் கல்லறை இல்லை. கண்டியில்தான் அடக்கம் செய்தார்கள், ஆனால் அந்த இடத்தின் அடையாளம் காலப்போக்கில் அழிந்துவிட்டது.